பீப்பாய் இறங்குது, கேன் ஏன் இறங்கல?

(டீசல் வரியைக் குறைக்கக் கோரி வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கிளைச் சங்க நிர்வாகிகளே, நாற்றுப் பறிப்பை விட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே, விவசாயப் பெருமக்களே!

கொஞ்ச நாளைக்கு முன்னால் நம்ம சங்கத்துப் பலகையில், "கச்சா எண்ணெய் பீப்பாய் இத்தனை டாலர்" என்று எழுதிப் போட்டேன். அதைப் பார்த்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, நெல்லு விலை எழுதற இடத்துல எவன் ஊரு எண்ணெய் விலையையோ எழுதி வச்சிருக்கியே, அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தப் பெரியவருக்குச் சொல்லும் பதில்.

ஐயா, ஏர் மாடு போய்விட்டது. உழவுக்கு டிராக்டர், சேறடிக்கக் கேஜ்வீல், அறுக்க மிஷின், நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வண்டி. கடைமடையில் தண்ணீர் ஏறாவிட்டால் வாய்க்காலில் ஆயில் இன்ஜினை வைத்து இறைக்கிறோம். எல்லாவற்றுக்கும் டீசல். டிராக்டர்காரரைத் திட்டிப் பயனில்லை. அவரும் பங்க்கில் போட்ட காசைத்தான் நம்மிடம் வாடகையாகக் கேட்கிறார். பங்க்கில் வேலை செய்யும் பையனைத் திட்டியும் பயனில்லை. அவன் விலை வைப்பதில்லை. அப்படியானால் விலையை வைப்பது யார்? எதை வைத்து வைக்கிறார்கள்? இது தெரியாமல் நாம் எத்தனை ஆர்ப்பாட்டம் நடத்தினாலும், "உலகச் சந்தையில் ஏறிடுச்சு, நாங்க என்ன செய்ய?" என்று ஒரே வரியில் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

புதன்கிழமைக் கணக்கு

அமெரிக்காவில் அரசாங்கத்தின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் என்று ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறை வாரம் தவறாமல் ஒரு கணக்கு வெளியிடுகிறது. பெரும்பாலும் புதன்கிழமை. நம்ம நேரப்படி ராத்திரி எட்டு அல்லது ஒன்பது மணி ஆகும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரைக்கும் நாட்டிலே என்ன இருப்பு என்பதுதான் கணக்கு.

அதில் முக்கியமாக நாலு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, டேங்குகளில் கச்சா எண்ணெய் எத்தனை பீப்பாய் இருக்கிறது, போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. இரண்டு, பெட்ரோல் எவ்வளவு, டீசல் எவ்வளவு இருப்பு. மூன்று, சுத்திகரிப்பு ஆலைகள் நூற்றுக்கு எத்தனை பங்கு ஓடுகின்றன. நாலு, அந்த வாரம் மக்களுக்கு எவ்வளவு போயிருக்கிறது, அதாவது தேவை எப்படி.

இதை நம்ம நெல்லை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கச்சா எண்ணெய் என்பது நெல். சுத்திகரிப்பு ஆலை என்பது ரைஸ்மில். நெல்லை அரைத்தால் அரிசி, குருணை, தவிடு, உமி என்று பிரிகிற மாதிரி, கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், தார் என்று பிரியும். கிடங்கிலே நெல் மூட்டை மலைபோல் இருந்தால் வியாபாரி என்ன சொல்வார்? "விலை இறங்கும், இப்ப வாங்க வேண்டாம்" என்பார். கிடங்கு காலி என்றால் விலை ஏறும். எண்ணெய்ச் சந்தையும் இதே புத்திதான். கூடும் என்று நினைத்த இருப்பு குறைந்திருந்தால், அறிக்கை வந்த சில நிமிஷத்திலேயே விலை துள்ளும். குறையும் என்று நினைத்தது கூடியிருந்தால் விழும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மில் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும்? களத்தில் நெல் குவியும், கடையில் அரிசி கிடைக்காது. அதேபோல ஆலைகள் பராமரிப்புக்காக நிற்கும்போது கச்சா எண்ணெய் இருப்பு கூடிக்கொண்டே இருக்கும், டீசல் இருப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே கச்சா எண்ணெயை மட்டும் பார்த்தால் போதாது. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் டீசல் வகை இருப்பு சுமார் 25 நாள் தேவைக்குத்தான் இருந்தது. 2008-க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை என்றார்கள். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயும் டீசல் வகையே. அந்த ஊர் விவசாயி மக்காச்சோளம் அறுக்கிற பருவமும் அதுதான். அங்கே குளிர் அடித்தால் இங்கே டீசலுக்குச் சூடு பிடிக்கும்.

"நாம அமெரிக்காவிலிருந்தா வாங்குறோம்?" என்று கேட்கலாம். நாம் பல நாடுகளிலிருந்து வாங்குகிறோம். நம் நாட்டுத் தேவையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி. ஆனால் விலை என்பது உலகம் முழுக்க ஒரே கயிற்றில் கட்டிய மாடு மாதிரி. ஒன்று இழுத்தால் எல்லாம் நகரும். நம்ம நரிமணத்தில் நம் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கிற கச்சா எண்ணெய்க்கும் உலக விலைதான் அளவுகோல். நம் நாட்டு ஆலையிலேயே காய்ச்சின டீசலுக்கும் வெளிநாட்டு டீசல் விலையை வைத்துத்தான் ஆலை விலை கணக்கிடுகிறார்கள்.

தக்காளி கொட்டின கதை

இருப்பு என்பது விலையை எந்த அளவுக்கு ஆட்டும் என்பதற்கு ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 20.

கொரோனாவுக்காக உலகம் பூட்டிக் கிடந்தது. வண்டி ஓடவில்லை, விமானம் பறக்கவில்லை. ஆனால் எண்ணெய்க் கிணறு ஓடிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் குஷிங் என்று ஒரு ஊர். ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய எண்ணெய் டேங்குகள். அமெரிக்கக் கச்சா எண்ணெயை ஒப்பந்தப்படி ஒப்படைக்கும் இடம் அது. வாரா வாரம் வந்த கணக்கில் அந்த டேங்குகள் நிரம்பிக்கொண்டே வந்தன. மே மாதத்துக்கு எண்ணெய் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கு வைக்க இடம் இல்லை. அன்றைக்கு அந்த ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போய், பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர் 63 சென்ட்டில் முடிந்தது. அதாவது எண்ணெயையும் கொடுத்து, "எடுத்துக்கிட்டுப் போங்க சாமி" என்று காசும் கொடுத்தார்கள்.

நமக்கு இது புதுசா? தக்காளி அதிகமா விளைஞ்சா பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டாமல் ரோட்டில் கொட்டிவிட்டு வருகிறோமே, அதேதான். வித்தியாசம் என்னவென்றால், தக்காளி விலை விழுந்தால் ஊரே மலிவாகத் தக்காளி தின்னும். எண்ணெய் விலை விழுந்தபோது நமக்கு டீசல் மலிவாகக் கிடைத்ததா? அதுதான் இன்றைய கேள்வி.

இறக்கம் எங்கே போச்சு?

இப்போது நான் சொல்கிற கணக்கைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி, 159-ஆல் வகுத்தால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் எத்தனை ரூபாய் என்று வந்துவிடும். நாலாவது படிக்கிற பிள்ளையும் போடும் கணக்கு.

2014 ஜூன் மாதம். இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் சராசரி பீப்பாய் சுமார் 109 டாலர். டாலர் சுமார் 60 ரூபாய். லிட்டருக்கு 41 ரூபாய் ஆகிறது. அப்போது டில்லியில் டீசல் லிட்டர் 57 ரூபாய் சொச்சம்.

2020 ஏப்ரல் மாதம். அதே சராசரி பீப்பாய் சுமார் 20 டாலர். டாலர் 76 ரூபாய். லிட்டருக்கு ஒன்பதரை ரூபாய்தான் ஆகிறது. டில்லியில் டீசல் எவ்வளவு? 62 ரூபாய் சொச்சம்.

கச்சா எண்ணெய் லிட்டருக்கு 31 ரூபாய் இறங்கியிருக்கிறது. டீசல் 5 ரூபாய் ஏறியிருக்கிறது! (வெட்கம்! வெட்கம்! என்று குரல்கள்)

நேர்மையாகப் பேச வேண்டும், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூனில் டீசல் விலை அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. லிட்டருக்குச் சில ரூபாய் குறைத்துத்தான் விற்றார்கள். அந்த வருஷம் அக்டோபரில்தான் டீசல் விலையைச் சந்தைக்கு விட்டார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. மிச்சம் எங்கே போனது?

வரிக்குப் போனது. 2014-ல் ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 காசு. கச்சா எண்ணெய் இறங்க இறங்க, 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் ஒன்பது தடவை வரியை ஏற்றினார்கள். 2020 மார்ச்சில் ஒரு தடவை 3 ரூபாய். மே மாதம் ஒரே ராத்திரியில் டீசலுக்கு 13 ரூபாய். மொத்தம் 31 ரூபாய் 83 காசு! மூன்றரை ரூபாய் இருந்த வரி ஒன்பது மடங்காகிவிட்டது.

அன்று பங்க்கில் விலை ஏறவில்லை. இறங்க வேண்டிய விலையை வரி விழுங்கிவிட்டதால் நமக்குத் தெரியவே இல்லை. 2020 மார்ச் நடுவிலிருந்து தினசரி விலை மாற்றத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜூன் 7-ஆம் தேதி மறுபடி தொடங்கினார்கள். அதிலிருந்து நாள் தவறாமல் ஏறியது. மாதக் கடைசியில் டில்லியில் டீசல் 80 ரூபாயைத் தாண்டி, பெட்ரோலையே முந்திவிட்டது. அந்த மாதக் கச்சா எண்ணெய் சராசரி 40 டாலர்தான். 109 டாலருக்கு 57 ரூபாய், 40 டாலருக்கு 80 ரூபாய். இது எந்த ஊர்க் கணக்கு?

இன்னொரு சங்கதி கேளுங்கள். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் அரசாங்கம் பாறையைக் குடைந்து எண்ணெய்க் கிடங்கு வைத்திருக்கிறது. 53 லட்சம் டன் கொள்ளும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கி அதை நிரப்பினோம், 5,000 கோடி ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்று அரசாங்கமே நாடாளுமன்றத்தில் சொன்னது. கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டுகிறோம். மலிவாக இருக்கும்போது குதிரை நிரப்பத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே மாதம் குறுவைக்கு உழவு ஓட்ட நின்ற விவசாயியின் கேன் கண்ணில் படவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

பிறகு 2021 நவம்பரில் டீசல் வரியில் 10 ரூபாய் குறைத்தார்கள். 2022 மே மாதம் 6 ரூபாய் குறைத்தார்கள். குறைத்ததைக் குறைத்தார்கள் என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆனால் 2014-ல் இருந்த இடத்துக்கு அது இறங்கவே இல்லை. 2025 ஏப்ரலில் உலகச் சந்தையில் விலை விழுந்ததும் மறுபடி லிட்டருக்கு 2 ரூபாய் வரி ஏற்றினார்கள். பங்க் விலை மாறவில்லை. அதே பழைய வித்தை.

நம் பெயரில் ஒரு செஸ்

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் "விவசாய உள்கட்டமைப்பு மற்றும் வளர்ச்சி செஸ்" என்று டீசல் லிட்டருக்கு 4 ரூபாய் போட்டார்கள். வேறு தலைப்பில் இருந்த வரியைக் குறைத்து இந்தத் தலைப்பில் வைத்ததால் விலை ஏறவில்லை. ஆனால் விவசாயத்தின் பெயரைச் சொல்லி விவசாயி வாங்குகிற டீசலிலேயே வசூல்! செஸ் என்று பெயர் வைத்தால் மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை என்பது இதில் உள்ள சூட்சுமம்.

மாநில அரசையும் நாம் விடப்போவதில்லை. 2020 மே மாதம் தமிழ்நாட்டில் டீசல் மீதான வாட் வரியை 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றி உயர்த்தினார்கள். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று தேர்தல் வாக்குறுதியில் சொல்லியிருந்தும் அப்போது டீசலைத் தொடவில்லை. பெட்ரோல் போட்டு ஓட்டுகிற மோட்டார் சைக்கிளுக்கு இரக்கம், டீசல் போட்டு ஓடுகிற இறவை இன்ஜினுக்கு இல்லை.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். உழவு, சேறடிப்பு, அறுப்பு, வண்டி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு போகத்தில் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் வைத்து இறைப்பவருக்கு இன்னும் கூடும். மூன்று ஏக்கர்காரருக்கு 150 லிட்டர். வரி 31 ரூபாய் 83 காசாக இருந்த காலத்தில் அவர் ஒரு போகத்தில் கட்டிய மத்திய வரி மட்டும் 4,770 ரூபாய்க்கு மேல். இரண்டு போகம் என்றால் 9,500-க்கு மேல். மத்திய அரசு கிசான் நிதி என்று வருஷத்துக்குக் கொடுத்தது 6,000 ரூபாய். வலது கையால் ஆறாயிரம் கொடுத்து, இடது கையால் ஒன்பதாயிரத்து ஐநூறு எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தது பேங்க் பாஸ்புக்கில் தெரியும். எடுத்தது டிராக்டர் வாடகையில் கரைந்து போனதால் தெரியாது.

அவர்கள் சொல்கிற பதில்

"பழைய ஆட்சி வைத்த எண்ணெய்ப் பத்திரக் கடனைக் கட்ட வேண்டியிருக்கிறது" என்றார்கள். 2021-ல் அவர்களே சொன்ன அசல் பாக்கி சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் கோடி. 2020-21 ஒரே வருஷத்தில் பெட்ரோல் டீசல் கலால் வரியாக வசூலானது 3 லட்சத்து 30 ஆயிரம் கோடிக்கு மேல். ஒரு வருஷ வசூலில் அந்த அசலை இரண்டு தடவை கட்டலாம்.

"எண்ணெய் நிறுவனங்களுக்கு நஷ்டம்" என்றார்கள். 2022-ல் உக்ரைன் சண்டையால் விலை ஏறியபோது சில மாதம் நஷ்டம் வந்தது உண்மை. 2022 ஏப்ரல் 6-லிருந்து விலையை ஏற்றாமல் பிடித்து வைத்ததும் உண்மை. ஆனால் கச்சா எண்ணெய் இறங்கிய பிறகும் அதே விலையில் விற்று, 2023-24-ல் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி லாபம் காட்டின. மக்களுக்கு 2 ரூபாய் குறைந்தது 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கியபோதுதான்.

"விவசாயிக்கு மட்டும் எப்படித் தனியாகக் குறைக்க முடியும்?" என்கிறார்கள். முடியும். தமிழ்நாட்டிலேயே மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரி இல்லாமல் டீசல் கொடுக்கிறார்கள். மிகவும் நியாயம், அந்தச் சகோதரர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்கட்டும். அமெரிக்காவில் ரோட்டில் ஓடாத பண்ணை இயந்திரங்களுக்கு டீசலில் சிவப்புச் சாயம் கலந்து சாலை வரி இல்லாமல் விற்கிறார்கள். இங்கிலாந்திலும் விவசாயத்துக்குச் சிவப்பு டீசல் உண்டு. வயலில் ஓடுகிற டிராக்டர் எந்த நெடுஞ்சாலையைத் தேய்க்கிறது? அதற்கு எதற்குச் சாலை செஸ்?

நம் கோரிக்கைகள்

1. கச்சா எண்ணெய் இறங்கும்போது கலால் வரியை ஏற்றி அந்த இறக்கத்தை விழுங்கக் கூடாது. ஏறும்போது நம் தலையில் வைத்தால், இறங்கும்போதும் நம் கைக்கு வர வேண்டும்.

2. சிட்டா, அடங்கல் அடிப்படையில் ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று நிர்ணயித்து, விவசாய டீசலுக்கான மத்திய, மாநில வரியைத் திருப்பித் தர வேண்டும். குத்தகை விவசாயிகளையும் சேர்க்க வேண்டும்.

3. நாட்டில் கச்சா எண்ணெய் இருப்பு, டீசல் இருப்பு, வாங்கிய விலை ஆகியவற்றை வாரா வாரம் தமிழிலும் வெளியிட வேண்டும். ஒரு லிட்டர் விலையில் எண்ணெய் எவ்வளவு, மத்திய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று ஒவ்வொரு பங்க்கிலும் பலகை வைக்க வேண்டும்.

4. உழவுப் பருவத்திலும் அறுப்புப் பருவத்திலும் டீசல் தட்டுப்பாடு வராமல் வட்டார அளவில் இருப்பை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும்.

பலகையை அழிக்காதீங்க

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் ஒரு கரும்பலகை வையுங்கள். பேப்பரில் வருகிற மூன்று எண்ணை வியாழக்கிழமை காலையில் எழுதுங்கள்: பீப்பாய் விலை, டாலர் மதிப்பு, நம்மூர் பங்க் விலை. கூடவே நான் சொன்ன 159 கணக்கைப் போட்டு நாலாவதாக லிட்டர் கச்சா விலையை எழுதுங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். போன வார எண்ணை அழிக்காமல் பக்கத்திலேயே இருக்கட்டும். நாலு மாதம் எழுதிப் பாருங்கள். எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, இறங்கினது யார் பைக்குப் போனது என்று பலகையே பேசும்.

மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிரைக் கொடுத்தார்கள். 1972-ல் கோவை நகரத்தை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். அவர்கள் யூனிட்டுக்குக் காசுக் கணக்கில் கணக்குப் போட்டவர்கள். அதனால்தான் அசைக்க முடியவில்லை. நாமும் கணக்கோடு கேட்போம். கணக்கோடு கேட்கிறவனை "உலகச் சந்தை" என்று சொல்லி யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

பெரியவரே, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். அந்தப் பீப்பாய் விலை நம் நெல் விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண். ஒன்று நமக்கு வருகிற காசு, மற்றது நம்மிடமிருந்து போகிற காசு.

இப்போது எல்லோரும் வரிசையாக வந்து, வட்டாட்சியரிடம் கொடுக்கப்போகிற மனுவில் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிற தாய்மார்களுக்கு நம் பிள்ளைகள் மனுவைப் படித்துக் காட்டிய பிறகு வைக்கச் சொல்லுங்கள்.

விவசாய டீசல் வரியைத் திருப்பிக் கொடு!
இறங்கின விலையை எங்களுக்குக் கொடு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!